பாதி தில்லியின் சொந்தக்காரர்

பிழைப்பை நாடித் தமிழ்நாட்டை விட்டுத் தில்லிக்கு வரும் தமிழர் ஒருவரின் முதல் மாதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கரோல் பாக்கில் ஒரு சந்தின் மாடியில் அவருக்கு ஓர் அறை கிடைக்கிறது. விடுமுறை நாளில் கன்னாட் பிளேஸுக்குச் சென்று வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த வட்டத்தைச் சுற்றி வருகிறார். மாலையில் இந்தியா கேட்டைக் கண்டு வியக்கிறார். அங்கிருந்து மேற்கே நோக்கினால், ரைசினாக் குன்றின் மேல் சிவப்புக் கல்லாலான தலைமைச் செயலக மாளிகைகள் தெரிகின்றன. ஊருக்கு எழுதும் கடிதத்தில் இவற்றையெல்லாம் வர்ணிக்கிறார். இவற்றைக் கட்டியவர் யார் என்று கேட்டால், வெள்ளைக்காரர் கட்டினர் என்று விடை சொல்லிவிடுவார்.

அந்த விடை பாதிதான் சரியானது. ஆணையிட்டது ஆங்கிலேய அரசாங்கம். வரைபடம் தீட்டியவர்கள் எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் முதலிய ஆங்கிலச் சிற்பிகள். ஆனால் கல்லைக் கொணர்ந்து, ஆளைச் சேர்த்து, சாரம் கட்டி, சுவரை எழுப்பியவர்கள் இந்திய ஒப்பந்தக்காரர்களும் இந்தியத் தொழிலாளர்களுமே. அந்த ஒப்பந்தக்காரர்களுள் புகழிலும் செல்வத்திலும் முன் நின்றவர் ஸர் சோபா சிங். மேற்கூறிய தலைமைச் செயலகத்தின் தெற்குப் பகுதியும் இந்தியா கேட்டும் அவர் முன்னின்று கட்டியவை. ஸரோஜ் நாராயணஸ்வாமி போன்றோர் தமிழில் செய்தி வாசித்த குரலை நாடெங்கும் அனுப்பிய, பார்லிமெண்ட் வீதி ஒலிபரப்பு மாளிகையும் அவர் கட்டிய கட்டிடங்களின் பட்டியலில் சேர்ந்ததே. ‘ஆதி தில்லி கா மாலிக்’, அதாவது பாதி தில்லியின் சொந்தக்காரர், என்பது மக்கள் அவருக்கு இட்ட பெயர். அவருடைய வரலாறு, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஏனெனில் அவரும் தில்லிக்கு வந்தேறியவரே.

இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த மேற்குப் பஞ்சாபில், குஷாப் நகருக்கு அருகே ஹடாலி என்று ஒரு சிற்றூர் உண்டு. மணல் சூழ்ந்த வறண்ட பிரதேசம். அதற்கு வடக்கே உப்பு மலைத்தொடர் இருக்கிறது. கேவ்ரா என்னுமிடத்தில் வெட்டியெடுக்கப்படும் பாறையுப்பு வட இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. சோபா சிங்கின் முன்னோர் அந்த உப்பை ஒட்டகங்களின் மேல் ஏற்றி லாகூருக்கும் அமிருதசரஸுக்கும் கொண்டுபோய் விற்று, திரும்பும்போது துணியும் மண்ணெண்ணெயும் தேயிலையும் ஏற்றி வந்த வணிகர்கள். இத்தகைய குடும்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிறந்தவர் சோபா சிங். தந்தையின் பெயர் சுஜான் சிங். உடன்பிறந்த இளையவர் உஜ்ஜல் சிங். இந்தத் தம்பியின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அவர் நம்மோடு நெருங்கிய தொடர்பு கொள்கிறார்.

ஒட்டகத்தின் தொழிலை இரயில் கைப்பற்றிக்கொண்ட காலம் அது. சுஜான் சிங் அந்த மாறுதலைக் கண்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. இரயில் பாதை போடும் வேலையையே ஒப்பந்தம் எடுத்தார். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு மலையேறும் குறுகிய பாதையில் ஒரு பகுதி இக்குடும்பம் போட்டது. மலையைக் குடைவதும், கல்லைப் பிளப்பதும், நூற்றுக்கணக்கான கூலியாட்களை ஓரிடத்தில் தங்கவைத்து வேலை வாங்குவதும், வெள்ளைக்கார இஞ்சினீயரின் கண்டிப்புக்கு ஈடு கொடுப்பதும் அங்கே அவர்கள் கற்ற பாடங்கள். தில்லியில் அவை அனைத்தும் பயன்பட்டன.

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி தில்லியில் நடந்த தர்பாரில், இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மூன்று நாள் கழித்து, தர்பார் நடந்த பகுதியிலேயே அடிக்கல்லும் நாட்டப்பட்டது. ஆனால் நிபுணர் குழு ஒன்று நிலத்தை ஆராய்ந்தபோது, அந்த இடம் தாழ்வானது, வெள்ளத்துக்கும் மலேரியாவுக்கும் இடமானது என்று தெரிந்தது. தெற்கே ரைசினாக் குன்றைச் சுற்றியுள்ள நிலமே தகுந்தது என்று முடிவாயிற்று. மன்னர் கையால் நாட்டிய கல்லை என்ன செய்வது? ஆரவாரமில்லாமல் பெயர்த்தெடுத்து மாட்டு வண்டியில் ரைசினாவுக்குக் கொண்டுசேர்த்தவர் தம் தந்தையே என்று சோபா சிங்கின் மகன், புகழ்பெற்ற எழுத்தாளர் குஷ்வந்த் சிங், எழுதியிருக்கிறார். ஒரு பேரரசின் தலைநகரம் மாட்டு வண்டியில் இடம் பெயர்ந்த கதை அது.

அன்றைய ஒப்பந்தக்காரரின் தொழில் எப்படிப்பட்டது என்பதைச் சிறிது விளக்குவது நலம். அரசாங்க இஞ்சினீயர்கள் ஒவ்வொரு வேலைக்கும் டெண்டர் கோருவார்கள். ஒரு கன அடி கல் கட்டுக்கு இவ்வளவு, ஒரு சதுர அடிப் பூச்சுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரர் விலை கூறுவார். ஜாமீன் தொகை கட்ட வேண்டும். வேலை முடிய முடிய அளவுப் புத்தகத்தில் பதிவாகும். அந்த அளவின்படியே பட்டியல் பணம் கிடைக்கும். அது கிடைக்கும் வரையில் கூலியும் சுண்ணாம்பும் செங்கல்லும் ஒப்பந்தக்காரரின் சொந்த முதலிலிருந்தே வர வேண்டும். கொத்தனார்களையும் கல்தச்சர்களையும் திரட்டி வரும் ஜமாதார்களுக்கு முன்பணம் தர வேண்டும். மழை அதிகமானாலும், கல் வந்துசேரத் தாமதமானாலும், கூலி உயர்ந்தாலும் நஷ்டம் அவரைச் சேர்ந்தது. இலாபம் பெரிது, ஆபத்தும் பெரிது. 1914-இல் மூண்ட முதல் உலகப் போர் வேலையின் வேகத்தைக் குறைத்தது. அத்தனையையும் தாங்கி நின்றவர்களே இறுதியில் செழித்தார்கள்.

செந்நிறக் கல்லும் இளமஞ்சள் கல்லும் தோல்பூர், பரத்பூர் பக்கங்களிலிருந்து வந்தன. அவற்றை வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுவர ஒரு தனி இரயில் பாதை போடப்பட்டது. வேலை ஒருவரிடமே விடப்படவில்லை. தலைமைச் செயலகத்தின் வடக்குப் பகுதியைக் கட்டியவர் பைசாகா சிங். தெற்குப் பகுதியைக் கட்டியவர் சோபா சிங். எதிரெதிரே நிற்கும் இரட்டைக் கட்டிடங்களை இருவர் கட்டினார்கள். ஆயினும் பார்ப்பவர் கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை. அதுவே அவர்களுடைய தொழில் திறமைக்குச் சான்று. வைஸ்ராய் மாளிகையில் சில முற்றங்களையும் சோபா சிங் கட்டினார். 1921-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1931-இல் திறந்துவைக்கப்பட்ட போர் நினைவு வளைவு, அதாவது 42 மீட்டர் உயரமுள்ள இன்றைய இந்தியா கேட், அவர் கையில் எழுந்ததே. 1931 பிப்ரவரியில் புதுதில்லி முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டபோது, ஹடாலியின் உப்பு வணிகர் மகன் தலைநகரின் முதல் வரிசைப் பிரமுகர்களுள் ஒருவராகிவிட்டார்.

இதுவரையில் அவரைக் கட்டிடக்காரர் என்றே கண்டோம். ஆனால் கட்டிடக்காரர் பலர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் மக்கள் பாதி தில்லிக்குச் சொந்தக்காரர் என்று அழைக்கவில்லை. சோபா சிங் ஒருவரைத் தனியே நிறுத்தியது வேறொரு துணிவு.

ஒப்பந்தக்காரருக்குக் கட்டிடம் முடிந்ததும் கணக்கு முடிந்துவிடும். பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைத் தேட வேண்டும். நிலத்தை உடையவருக்கோ கட்டிடம் முடிந்த நாளன்றுதான் கணக்கு தொடங்குகிறது. இந்த வேற்றுமையை அவர் நன்கு உணர்ந்திருந்தார். புதுதில்லியை அமைத்த அரசாங்கம் அதில் குடியேற மக்களைத் தேட வேண்டியதாயிருந்தது. பழைய தில்லியின் வணிகர்கள் சாந்தினி சௌக்கை விட்டு அசைய மறுத்தார்கள். கடைக்கு வாடிக்கைக்காரர் இல்லை. இரவில் நரி ஊளையிடும் காடு என்பது அவர்கள் எண்ணம். ஆகவே நிலம் மலிவாக விலை கூறப்பட்டது. கன்னாட் பிளேஸ் வட்டாரத்திலேயே சதுர கெஜம் இரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது. சென்னைக் கணக்கில் சொல்வதானால், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு நிலத்தின் விலை சுமார் 533 ரூபாய். அப்படியும் வாங்குவோர் அதிகம் இல்லை. சோபா சிங் தம்மால் இயன்ற அளவுக்கு வாங்கிக்கொண்டே இருந்தார்.

வாங்கியதைப் பூட்டிவைக்கவும் இல்லை. 1929-இல் கன்னாட் பிளேஸ் எழத் தொடங்கியது. அங்கே மனை வாங்கியவர்கள் தம் விருப்பப்படி கட்டிவிட முடியாது. ராபர்ட் டார் ரஸ்ஸல் என்னும் அரசாங்கச் சிற்பி வகுத்த முகப்பையே எல்லோரும் பின்பற்ற வேண்டும். கீழே கடைகள், மேலே குடியிருப்பு, முன்னே ஒரே மாதிரியான தூண்கள். அந்த வட்டத்தின் ஓரத்தில் 1932-இல் சோபா சிங் எழுப்பியது ரீகல் கட்டிடம். வரைபடம் வால்டர் ஸைக்ஸ் ஜார்ஜ் என்பவருடையது. கன்னாட் பிளேஸின் முதல் திரையரங்கு அதில் அமைந்தது. திரைப்படம் மட்டுமன்றி நாடகமும் நாட்டியமும் அங்கே நடந்தன. மாலையில் மக்கள் வருவதற்கு ஒரு காரணம் ஏற்பட்டவுடன் சுற்றியிருந்த கடைகளுக்கும் உயிர் வந்தது. வெறும் மனையை வாங்கிவிட்டு விலை ஏறக் காத்திருப்பவருக்கும், மக்கள் வந்து கூடும்படி ஓர் இடத்தை உண்டாக்குபவருக்கும் உள்ள வேற்றுமை இதில் தெரிகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தில்லியில் அலுவலகங்கள் பெருகின. வீடு கிடைப்பது அரிதாயிற்று. தனித்தனி பங்களாக்களின் நகரமாக இருந்த புதுதில்லியில், அடுக்கு வீடுகளாலான குடியிருப்பு ஒன்றை அவர் கட்டினார். 1945-இல் நிறைவேறிய அதற்குத் தம் தந்தையின் பெயரால் சுஜான் சிங் பார்க் என்று பெயரிட்டார். இதையும் வகுத்தவர் வால்டர் ஜார்ஜே. சிவந்த செங்கல்லும் வளைவுகளும் நடுவே புல்வெளியுமாக இன்றும் கான் மார்க்கெட்டின் அருகே அது நிற்கிறது. தலைநகரின் முதல் அடுக்கு வீட்டுத் தொகுதி என்று அதைச் சொல்வார்கள். இதற்கு முன்பு குடும்பம் வாழ்ந்த ஜந்தர் மந்தர் சாலை வீட்டுக்கு வைகுண்டம் என்று பெயர். அது இருந்த இடம் இன்று கேரள மாளிகையின் வளாகம்.

பதவிகளும் பட்டங்களும் செல்வத்தைத் தொடர்ந்து வந்தன. புதுதில்லி முனிசிபல் கமிட்டிக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் அவரே. நான்கு முறை அப்பதவியில் இருந்தார். மாநிலங்கள் அவை என்று அழைக்கப்பட்ட அக்காலத்து மத்திய மேல்சபையில் உறுப்பினரானார். 1944-இல் ‘ஸர்’ பட்டம் பெற்றார்.

ஒரு மனிதனின் வரலாற்றைக் கூறுவோர் வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. சோபா சிங்கின் கணக்கில், இன்றளவும் பேசப்படும் ஒரு பக்கம் உண்டு.

1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி. தில்லி மத்திய சட்டசபையில் தொழில் தகராறு மசோதா பற்றியும் பொதுப் பாதுகாப்பு மசோதா பற்றியும் கொந்தளிப்பு. அப்போது பார்வையாளர் மாடத்திலிருந்து பகத் சிங்கும் படுகேஸ்வர தத்தும் குண்டுகளை வீசினார்கள். துண்டுப் பிரசுரங்களை இறைத்தார்கள். தப்பியோடாமல் நின்று கைதானார்கள். அதே மாடத்தில் பார்வையாளராக அமர்ந்திருந்தவர் சோபா சிங். பின்னர் நீதிமன்றத்தில் அவர்களை அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னார். 1929 ஜூன் 12-ஆம் தேதி இருவருக்கும் ஆயுள் முழுவதும் நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது.

இதிலிருந்து, பகத் சிங் தூக்கிலேறியதற்கு இந்தச் சாட்சியமே காரணம் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். சரித்திரத்தில் இரண்டு வழக்குகள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டசபைக் குண்டு வழக்கு வேறு. லாகூரில் ஸாண்டர்ஸ் என்னும் போலீஸ் அதிகாரி கொல்லப்பட்டது பற்றிய லாகூர் சதி வழக்கு வேறு. 1931 மார்ச் 23-ஆம் தேதி பகத் சிங், சுகதேவ், ராஜகுரு ஆகிய மூவரையும் தூக்கு மேடைக்கு அனுப்பியது இரண்டாவது வழக்கு. முதல் வழக்கிலும், குண்டு வீசியதைப் பகத் சிங்கும் தத்தும் மறைக்கவில்லை. ஏன் வீசினோம் என்பதை 1929 ஜூனில் நீதிமன்றத்தில் அளித்த அறிக்கையில் அவர்களே விளக்கினார்கள்.

ஆனாலும் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. கண்ணால் கண்டதைத்தான் தந்தை சொன்னார், பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பது குஷ்வந்த் சிங்கின் வாதம். உண்மை சொல்வது கடமை என்பதை யாரும் மறுக்க முடியாது. எனினும், அரசாங்கத்தின் ஒப்பந்தங்களால் உயர்ந்து, அதன் பட்டத்தை ஏற்ற ஒருவர், அந்த அரசாங்கத்தை எதிர்த்த இளைஞருக்கு எதிராகக் கூண்டில் ஏறி நின்றார் என்னும்போது, மக்கள் மனம் சட்டத்தின் தராசை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிறுப்பதில்லை. 2011-ஆம் ஆண்டில், புதுதில்லியிலுள்ள வின்ட்ஸர் பிளேஸுக்கு சோபா சிங்கின் பெயரைச் சூட்டலாம் என்ற யோசனை எழுந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. எண்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சாட்சியம், அவர் கட்டிய அத்தனை மாளிகைகளுக்கும் எதிர்த்தட்டில் வைக்கப்பட்டது. நகரத்தைக் கட்டியவர் பெயர் நகரத்தின் ஒரு நாற்சந்திக்குக்கூடக் கிடைப்பது எளிதாக இல்லை.

கணக்கில் இன்னொரு பற்றும் உண்டு. அது சோபா சிங் ஒருவரைச் சார்ந்ததன்று. புதுதில்லி முழுவதையும் சார்ந்தது. ரைசினா வெறும் குன்றாக இருந்ததில்லை; அங்கே கிராமங்கள் இருந்தன, உழவர் இருந்தனர். நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் அவர்களுடைய நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. மால்ச்சா என்னும் கிராமத்தார் பலர் இன்றைய ஹரியானாவில் ஸோனிபத் அருகேயுள்ள ஹர்ஸானாவில் போய்க் குடியேறினார்கள். இழந்த ஊரின் பெயரையும் சேர்த்து அவ்வூரை ஹர்ஸானா மால்ச்சா என்று வழங்குகிறார்கள். அவர்களுடைய சந்ததியார் நஷ்டஈடு கேட்டு நம் காலத்திலும் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். கன்னாட் பிளேஸ் எழுந்த இடத்தில் மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் என்ற குடியிருப்புகள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் அகற்றப்பட்டு, 1920-களில் மேற்கே கரோல் பாக்கில் குடியமர்த்தப்பட்டார்கள்.

ஆம், அதே கரோல் பாக். தென்னாட்டிலிருந்து வந்த குமாஸ்தாவுக்கு அறை கொடுத்த கரோல் பாக். அவருடைய மனைவி காப்பிக்கொட்டை வாங்கிய கடைகளும், குழந்தைகள் தமிழ் படித்த பள்ளியும் அமைந்த கரோல் பாக். தம் இடத்தை இழந்தவர்களுக்காக ஏற்பட்ட பேட்டையிலேயே, தம் ஊரை விட்டு வந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

கட்டிடங்களைத் தாங்கிய கைகளையும் மறக்கலாகாது. ராஜஸ்தானத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த தொழிலாளிகள் கட்டிட நிலத்தின் ஓரத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். பெண்கள் கைக்குழந்தையை மர நிழலில் கிடத்திவிட்டுத் தலையில் சுண்ணாம்புக் கூடை சுமந்து சாரம் ஏறினார்கள். இந்தியா கேட்டின் சுவர்களில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட போர் வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கல்லைத் தூக்கி நிறுத்தியவர்களின் பெயர் ஒன்றுகூட எங்கும் இல்லை.

1947-இல் நாடு இரண்டாயிற்று. ஹடாலி பாகிஸ்தானுக்குப் போயிற்று. பஞ்சாபின் எண்ணற்ற குடும்பங்கள் ஒரே இரவில் வீடு வாசலை இழந்து தில்லி வந்து சேர்ந்தன. சோபா சிங்கின் குடும்பமும் பிறந்த மண்ணை இழந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே புதிய மண்ணில் வேரூன்றிவிட்டபடியால் தெருவில் நிற்கவில்லை. ஹடாலியின் மணற்பாங்கான வீட்டிலிருந்து நகரத்துக்கு வந்து சேர்ந்த மூதாட்டி ஒருவரைப் பற்றிக் குஷ்வந்த் சிங் எழுதிய ‘ஒரு மாதரசியின் சித்திரம்’ என்ற ஆங்கிலக் கட்டுரையைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர்கள் நம்மவரிலும் பலர் உண்டு. நகரத்தில் எத்தனை வசதி இருந்தும், சிட்டுக்குருவிகளுக்கு இரை போடுவதிலேயே ஆறுதல் கண்ட அந்தப் பாட்டி, சுஜான் சிங்கின் மனைவி. மகன் தலைநகரத்தைக் கட்டினாலும், தாய்க்கு அது அந்நிய ஊராகவே இருந்தது. ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று.

இனி, முன்பு குறித்த தம்பிக்கு வருவோம். உஜ்ஜல் சிங் கட்டிடத் தொழிலைவிட அரசியலில் அதிகம் ஈடுபட்டார். 1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சீக்கியர் சார்பில் சென்றார், அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தார், பஞ்சாபின் கவர்னரானார். 1966-இல் சென்னைக்கு வந்து 1971 வரையில் கவர்னர் பொறுப்பு வகித்தார். 1967 மார்ச் 6-ஆம் தேதி அறிஞர் அண்ணாவுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவரே. 1969 ஜனவரியில் சென்னை ராஜ்யம் ‘தமிழ்நாடு’ என்று பெயர் பெற்றபோது கிண்டி ராஜ பவனத்தில் இருந்தவரும் அவரே. அண்ணன் கட்டிய அலுவலகத்தில் வேலை செய்யத் தமிழர்கள் வடக்கே சென்றார்கள். தம்பி ஆட்சிப் பொறுப்பேற்கத் தெற்கே வந்தார். இந்திய நாட்டில் போக்குவரத்து ஒரு வழிப் பாதையாக இருந்ததில்லை.

1978 ஏப்ரல் 18-ஆம் தேதி, தொண்ணூறு வயதை ஒட்டி, சோபா சிங் காலமானார். அவருடைய பெயரால் ஓர் அறநிலையம் அமைந்தது. அவர் எழுப்பிய கட்டிடங்களும் காலத்துக்கு உட்பட்டவையே. ரீகல் திரையரங்கு 2017 மார்ச் 30-ஆம் தேதி, ராஜ் கபூரின் பழைய படங்களைக் காட்டிவிட்டு, தன் கதவை மூடிக்கொண்டது. எண்பத்தைந்து ஆண்டு மாலை நேரங்கள் அதனுடன் முடிந்தன.

அவருடைய செல்வத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால், உழைப்பு என்று சிலரும், அரசாங்க ஆதரவு என்று சிலரும், முன்யோசனை என்று சிலரும் சொல்வார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் நான்காவது காரணம் ஒன்று உண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு ரூபாய்க்கு வாங்கிய ஒரு கெஜ மண், தானாகப் பொன்னாகிவிடவில்லை. அந்த மண்ணைச் சுற்றி மக்கள் வந்து வாழ்ந்தபடியால்தான் அது பொன்னாயிற்று. வங்காளத்திலிருந்து கணக்கர் வந்தார். பஞ்சாபிலிருந்து கடைக்காரர் வந்தார். தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் வந்தார்கள். தம் குழந்தைகளுக்காக 1923-இலேயே மதராஸிப் பள்ளியைத் தொடங்கினார்கள்; 1946-இல் தமிழ்ச் சங்கம் கண்டார்கள். வாடகை கொடுத்தார்கள், கடைகளில் வாங்கினார்கள், திரையரங்கில் சீட்டுப் பெற்று அமர்ந்தார்கள். இவர்கள் எல்லோரும் வந்திராவிட்டால் கன்னாட் பிளேஸ் நரிகளின் ராஜ்யமாகவே இருந்திருக்கும்; சோபா சிங்கும் நிலத்தில் பணத்தைப் புதைத்த ஏமாளி என்று பெயர் வாங்கியிருப்பார். வருவார்கள் என்று அவர் நம்பினார். வந்தார்கள். அந்த நம்பிக்கையின் விலைதான் அவருடைய செல்வம்.

பாதி தில்லிக்கு அவர் சொந்தக்காரர் என்று மக்கள் சொன்னது மிகைதான்; ஆனால் அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. மற்றப் பாதி யாருடையது? நிலத்தை இழந்து கரோல் பாக்குக்கும் ஹர்ஸானாவுக்கும் போனவர்களுடையது. பெயரில்லாமல் கல் சுமந்தவர்களுடையது. வந்து குடியேறி நகரத்தை நகரமாக்கியவர்களுடையது. நீங்கள் தில்லியில் இருந்தாலும், பம்பாயில் இருந்தாலும், கல்கத்தாவில் இருந்தாலும், பங்களூரில் இருந்தாலும், அந்த ஊரின் மாளிகைகளை அண்ணாந்து பார்க்கும்போது அந்நியராக நின்று பார்க்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் குழந்தைகளை இந்தியா கேட்டுக்கு அழைத்துச் சென்றால், சுவரிலுள்ள பெயர்களை வாசித்துக் காட்டுங்கள். பிறகு, சுவரில் இல்லாத பெயர்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள்: உப்பு வணிகரின் மகன் ஒருவரைப் பற்றியும், கூடை சுமந்த பெண்களைப் பற்றியும், தட்டச்சுப் பொறியை நம்பி இரயிலேறிய தாத்தாவைப் பற்றியும்.